பக்கத்தில் உட்கார ஓர் ஆள்

ஜனவரி 9

வீட்டுத் தரகர் அவர்களுக்கு,

வணக்கம். வீடு வாங்குகிறவர்கள் பக்கம் நின்று பேரம் பேசுவதில் அந்த ஊரில் தங்களை மிஞ்ச ஆள் இல்லை என்று, மின் நிலையத்தில் என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் சொன்னார். அவருடைய மச்சானுக்குத் தாங்கள்தான் வீடு முடித்துக் கொடுத்தீர்களாம். அந்தத் தரகர் என் அக்கா என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஜூலையில் எனக்கு அந்த ஊருக்கே மாற்றல் ஆகிறது. நம் பழைய தெருவில் ஆறாம் எண் வீடு விலைக்கு வந்திருப்பதாக விளம்பரம் பார்த்தேன். எந்த வீடு என்று தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நாற்பத்தெட்டு லட்சம் கேட்கிறார்கள். வங்கிக் கடனையும் சேர்த்து என்னால் நாற்பத்திரண்டுதான் முடியும். அந்த வீட்டை வாங்கியே ஆக வேண்டும்.

போனில் பேசு என்று என் மனைவி சொன்னாள். போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் நம்மில் ஒருவர் வைத்துவிடுவோம். அதனால்தான் கடிதம். கமிஷன் மற்றவர்களிடம் எவ்வளவோ அவ்வளவே என்னிடமும் வாங்கிக்கொள்ளவும்.

இப்படிக்கு,
வாங்க விரும்புபவர்

ஜனவரி 16

பார்ட்டி அவர்களுக்கு,

கோபித்துக்கொள்ள வேண்டாம். எங்கள் தொழிலில் வாங்குகிறவரும் பார்ட்டிதான், விற்கிறவரும் பார்ட்டிதான். அம்மா போன பிறகு ஆறு வருஷம் கழித்து உன்னிடமிருந்து ஒரு கடிதம் வந்தது, அதில் ‘தாங்கள்’ என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டுச் சிரித்தேன். சிரித்து முடித்து, மறுபடி முதலிலிருந்து படித்தேன். சரி, தொழிலைப் பேசுவோம்.

வீட்டைப் போய்ப் பார்த்தேன். நான் விற்றது ஒரு லாரிக்காரருக்கு. அவரிடமிருந்து ஏழு வருஷத்துக்கு முன்பு வாங்கிய மருந்துக்கடைக்காரர் இப்போது விற்கிறார். மனைவியும், பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண்ணும் இருக்கிறார்கள். நான் வாங்குகிறவர் பக்கத்து ஆள் என்று சொல்லியிருக்கிறேன், அது பொய்யில்லை. அதற்குமேல் அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கேட்கிற விலை வேறு, பெறுகிற விலை வேறு. அதே தெருவில் போன வருஷம் மூன்று வீடு கைமாறியிருக்கிறது. பத்திர ஆபீசில் என்ன விலைக்குப் பதிந்தார்கள் என்று பார்த்துவிட்டேன். ஆறாம் எண் நாற்பத்தொன்று பெறும். கொஞ்சம் தள்ளிப் போனால் நாற்பத்தொன்றரை. அங்கே கொண்டுவந்து நிறுத்துவது என் வேலை.

உன் வேலை ஒன்றே ஒன்று. அந்தப் பக்கம் தலை காட்டாதே. வாங்குகிறவன் முகத்தில் ஆசை தெரிந்தால் அந்த ஆசைக்கும் சேர்த்து விலை போடுவார்கள். நாற்பது வீடு பார்த்த என் பார்ட்டிகள்கூட நாற்பத்தொன்றாவது வீட்டின் சமையலறையில் நின்று, "இங்க ஃப்ரிட்ஜ் வச்சா நல்லா இருக்கும்" என்று வாயைவிட்டு, அந்த ஒரு வாக்கியத்துக்கு லட்சக்கணக்கில் அழுதிருக்கிறார்கள். ஆசையைச் சுமக்காத ஒருத்தி நடுவில் நிற்க வேண்டும். அதற்குத்தான் எனக்குக் கமிஷன்.

தரகர்

பிப்ரவரி 3

தரகர் அவர்களுக்கு,

மூன்று வாரம் ஆகிவிட்டது. ஒரு தகவலும் இல்லை. தாங்கள் விலையைக் குறைத்துக்கொண்டே இருக்கும்போது வேறு ஒருவன் வந்து கேட்ட விலையைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டால் என்ன செய்வது? அந்த வீட்டைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டவரே இப்போது அதை வாங்கித் தரவும் கிளம்பியிருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். எழுதிவிட்டேன்.

வீடு எப்படி இருக்கிறது என்றாவது இரண்டு வரி எழுதியிருக்கலாம். வாசல் வேம்பு இருக்கிறதா? ஜன்னலுக்கு என்ன நிறம் அடித்திருக்கிறார்கள்? எனக்கு வருகிற வாரம் நான்கு நாள் விடுமுறை இருக்கிறது.

வாங்க விரும்புபவர்

பிப்ரவரி 17

தம்பி,

போகாதே என்று எழுதினேன். போயிருக்கிறாய்.

நேற்று மருந்துக்கடைக்காரர் கூப்பிட்டு அனுப்பினார். எனக்கு நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, ரொம்ப உற்சாகமாக இருந்தார். "உங்க பார்ட்டி வந்தாரும்மா. உங்க மூலமா பார்க்கறவராம், சும்மா இந்தப் பக்கம் வந்தேன்னார். சரின்னு வீட்டைச் சுத்திக் காட்டினேன். படிக்குக் கீழ இருக்கிற ஸ்டோர் ரூம் கதவைத் திறந்தேனா, நான் சுவிட்ச் எங்கன்னு சொல்றதுக்குள்ள அவர் குனிஞ்சு, பார்க்காமலே கையை நீட்டிப் போட்டுட்டார். ஏழு வருஷத்துல அந்த சுவிட்சைத் தேடித் தடவாத ஆளே கிடையாது. எனக்கே ஒரு மாசம் ஆச்சு. அவருக்கு இந்த வீடு பழக்கம்தானே?"

முழங்கால் உயரத்தில் சுவிட்ச் வைத்த ஒரே வயர்மேன் நம் அப்பாதான். இருட்டுக்குப் பயந்த நான்கு வயதுப் பையனுக்கு எட்ட வேண்டும் என்று வைத்தார். அந்தப் பையன் முப்பத்துமூன்று வயதில் போய் அதைப் போட்டுக் காட்டிவிட்டு வந்திருக்கிறான்.

விலை இப்போது ஐம்பத்துமூன்று. "மனசுக்குப் புடிச்ச வீடு, அவர் விடமாட்டார்மா" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

உன் மேல் இருக்கிற கோபம் விலைக்காக மட்டும் இல்லை. அந்த வீட்டிலிருந்து என் வீடு நான்கு தெரு. விற்றுப்போன வீட்டைப் பார்க்க ஒரு நாள் ரயிலில் வந்தவனுக்கு, உயிரோடு இருக்கிற அக்காவைப் பார்க்க நான்கு தெரு நடக்க முடியவில்லை. இதை எந்த பேரத்தில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா

பிப்ரவரி 25

அக்காவுக்கு,

உன் தெரு முனை வரைக்கும் வந்தேன். மாடிக் கொடியில் அம்மாவின் பச்சைப் போர்வை காய்ந்துகொண்டிருந்தது. அதை இன்னும் நீ வைத்திருப்பாய் என்று நான் நினைக்கவில்லை. உள்ளே வந்து என்ன பேசுவது என்று தெரியாமல் அங்கிருந்த கடையில் ஒரு டீ குடித்தேன், இன்னொரு டீ குடித்தேன், பஸ் ஏறிவிட்டேன்.

சுவிட்ச் விஷயம் நான் வேண்டுமென்று செய்ததில்லை. கதவைத் திறந்ததும் உள்ளே இருட்டு. கை தானாகப் போய்விட்டது. வெளிச்சம் வந்த பிறகுதான் என்ன செய்தேன் என்று எனக்கே உறைத்தது. அவர் முகத்தைப் பார்த்தேன், அப்போதே தெரிந்துவிட்டது.

ஐம்பத்துமூன்றைக் கொடுத்துவிடலாம் என்று பார்க்கிறேன். இங்கே சங்கத்தில் கடன் கேட்டிருக்கிறேன். இருபது வருஷம் ஆனாலும் கட்டிவிடுவேன். அந்த வீடு இல்லாமல் அந்த ஊருக்கு வர எனக்கு மனசில்லை. இதற்குமேல் பேரம் பேச வேண்டாம், முடித்துவிடு.

தம்பி

மார்ச் 3

தம்பிக்கு,

ஐம்பத்துமூன்று கொடுப்பதாக இருந்தால் நீயே போய்க் கொடு. நான் கூட வரமாட்டேன். ஏன் என்று சொல்கிறேன். பன்னிரண்டு வருஷமாக யாரிடமும் சொல்லாதது.

அப்பா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். உன் பரீட்சை முடிகிறவரை உனக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். வீடு அம்மா பேரில். ஆனால் அம்மா அப்பாவின் கட்டிலை விட்டு நகரவில்லை. லாரிக்காரரோடு பேச நான் மட்டும்தான். இருபத்துமூன்று வயது. தரகர் வைத்தால் கமிஷன் போகுமே என்று தனியாக உட்கார்ந்தேன். அவர் தன்மையாகத்தான் பேசினார். ஏறக்குறைய நாங்கள் கேட்ட விலைக்கே ஒத்துக்கொண்டார். கிளம்பும்போது, "ஏம்மா, ரொம்ப அவசரமா?" என்று கேட்டார்.

நான் உள்ளதைச் சொன்னேன். "ஆமா சார். அப்பாவுக்கு ஆபரேஷன். வெள்ளிக்கிழமைக்குள்ள பணம் கட்டணும்."

அன்று திங்கட்கிழமை. "வீட்ல கலந்து பேசிட்டு வரேன்" என்று போனவர் செவ்வாய் வரவில்லை. புதன் வரவில்லை. வேறு ஆள் தேட எனக்கு வழி தெரியவில்லை. வியாழன் சாயங்காலம் வந்தார். முதலில் பேசியதில் பாதியைச் சொன்னார். நான் தலையாட்டினேன். வெள்ளிக்கிழமை பணம் கட்டினோம். அப்பா அதற்கப்புறம் ஐந்து மாதம் இருந்தார்.

அப்பா போன மறுநாள் எல்லோர் முன்னாலும் நீ என்னைக் கேட்டாய், "வீட்டை வித்ததுல நீ எவ்வளவு அடிச்சே?" என்று. நான் வாயைத் திறக்கவில்லை. நீ என்னைத் திருடி என்று நினைத்ததைக்கூட என்னால் தாங்க முடிந்தது. ஒரே ஒரு சொல்லால் வீட்டில் பாதியைத் தொலைத்த மடச்சி என்று உனக்குத் தெரிவதைத்தான் என்னால் தாங்க முடிந்திருக்காது. அன்றைக்கு என் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து, என் காலை மெதுவாக மிதித்திருந்தால் போதும். அப்படி ஒரு ஆளாக இருக்கலாம் என்றுதான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். இன்றைக்கு உன் காலை மிதிக்கிறேன். சங்கக் கடனை வேண்டாம் என்று எழுதிக் கொடு.

சுவிட்சைப் போட்டது போட்டதுதான். உனக்கு அந்த வீடு தெரியும் என்பதை இனி மறைக்க முடியாது. அப்படியானால் அதையே வைத்துப் பேசுவோம். அந்த வீட்டில் என்னென்ன கோளாறு என்று உனக்கு நினைவிருக்கிறதோ எல்லாவற்றையும் எழுது. நல்லது ஒன்றுகூட எழுதாதே.

அக்கா

மார்ச் 12

அக்கா,

உன் கடிதத்தை மூன்று நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். நான் கேட்ட கேள்வியை நீ ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் எழுதியிருக்கிறாய். பன்னிரண்டு வருஷம் அது உன் காதிலேயே இருந்திருக்கிறது. மன்னிப்பு என்று எழுதிப் பார்த்தேன், அடித்தேன், மறுபடி எழுதினேன். மன்னித்துவிடு. கடனை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நீ கேட்ட கோளாறுகள்.

மேற்கு அறைச் சுவரில் மழைத் தண்ணீர் இறங்கும். மொட்டை மாடித் தளம் அந்த மூலையில் கீழே இறங்கியிருக்கிறது, எத்தனை தடவை பூசினாலும் நிற்காது. சுவரில் விழுந்த கறையை நீ யானை என்பாய். எனக்கு அது எப்போதும் செருப்பாகத்தான் தெரிந்தது. செருப்பு என்று சொன்னதற்கு ஒரு நாள் முழுக்க என்னோடு நீ பேசவில்லை.

குளியலறைத் தண்ணீர் பின்பக்கம் இறங்காமல் எதிர்த்து வரும். குழாய்க்குச் சரிவு போதாது. அப்பா நீளக் கம்பியோடு குந்தி உட்கார்ந்து அந்தக் குழாயைத் திட்டுவார், நீ டார்ச் பிடிப்பாய், அம்மா உள்ளே இருந்து "குழந்தைங்க முன்னால என்ன பேச்சு" என்பாள். திட்டிய பிறகு தண்ணீர் இறங்கும். திட்டினால்தான் இறங்கும் என்று நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

மாடிப்படியில் ஆறாவது படி மற்றதைவிட இரண்டு விரல் உயரம். வருகிறவர்கள் எல்லோரும் அங்கே தடுக்குவார்கள். யார் வந்தாலும் நீயும் நானும் ஹாலில் உட்கார்ந்து, எப்போது தடுக்குவார் என்று காத்திருப்போம்.

கடைசியாக ஒன்று. இதை எழுதக் கை வரவில்லை. ஹாலிலும் இரண்டு அறைகளிலும் இருப்பது அப்பா போட்ட வயரிங்தான், நான் போனபோது கவனித்தேன். முப்பது வருஷம் ஆகிறது. இன்றைக்கு இருக்கிற லோடை அது தாங்காது. முழுதாக உருவி எடுத்துவிட்டுப் புதிதாக இழுக்க வேண்டும். வேறு வீடாக இருந்தால் உள்ளே போன அடுத்த நிமிஷம் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

தம்பி

ஏப்ரல் 5

தம்பிக்கு,

கோளாறை எழுதச் சொன்னால் காதல் கடிதம் எழுதி அனுப்பியிருக்கிறாய். அதைப் பிழிந்து நான்கு கோளாறு எடுக்க எனக்கு அரை நாள் ஆனது. நடுவில் இரண்டு தடவை எழுந்து போய் முகம் கழுவினேன். அது யானைதான்.

ஒரு கொத்தனாரையும் ஒரு எலெக்ட்ரீஷியனையும் கூட்டிக்கொண்டு போனேன். மருந்துக்கடைக்காரர், "எதுக்கும்மா இவ்வளவு பேரு? அவருக்குத்தான் வீடு புடிச்சிருக்கே" என்றார்.

"ஆமா சார். அவர் இந்த வீட்லதான் வளர்ந்தார். அதனாலதான் உங்களுக்கே தெரியாத கோளாறெல்லாம் அவருக்குத் தெரியுது. வாங்க, காட்டுறேன்."

ஒவ்வொன்றாகக் காட்டினேன். கொத்தனார் மாடியில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார், அது நேராக மேற்கு மூலைக்கு ஓடியது. எலெக்ட்ரீஷியன் ஹாலில் ஒரு பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "வேலை சுத்தமா இருக்கு. ஆனா வயசாயிடுச்சு, மாத்தணும்" என்றார். உன்னிடம் சொல்ல வேண்டும் என்றுதான் அப்படியே எழுதுகிறேன். ஆறாவது படியைச் சொன்னபோது மருந்துக்கடைக்காரரின் மனைவியே, "நான் எத்தனை தடவை விழுந்திருக்கேன் தெரியுமா, இவர் நம்பவே மாட்டார்" என்று என் பக்கம் சேர்ந்துகொண்டார். முதல் தடவை போனபோது அந்தப் படியில் நான் வேண்டுமென்றே தடுக்கி விழுந்தேன். தடுக்காமல் ஏறினால் காட்டிக்கொடுத்துவிடும். முட்டியில் இன்னும் தழும்பு இருக்கிறது.

ஐம்பத்துமூன்று நாற்பத்தெட்டானது. நாற்பத்தெட்டு நாற்பத்தைந்தானது. அதற்குக் கீழே அவர் அசையவில்லை. கோளாறு சொல்லி இறக்குவதற்கும் ஒரு எல்லை உண்டு, அதைத் தாண்டினால் மனுஷனுக்கு ரோஷம் வந்துவிடும். நான் பேச்சை நிறுத்தினேன்.

ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு பரீட்சை அட்டவணை ஒட்டியிருந்தது. அந்தப் பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சை, இந்த வருஷம் மே மாதத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது. ஒவ்வொரு தேதிக்கும் சிவப்பு மையில் வட்டம். வேறு யாரும் ஏன் இதுவரை வாங்கவில்லை என்று முன்பே விசாரித்து வைத்திருந்தேன். வந்தவர்கள் எல்லோரும் ஒரு மாதத்தில் காலி செய்யச் சொன்னார்களாம். நான் அவர் மனைவியைப் பார்த்துத்தான் சொன்னேன். "என் பார்ட்டி ஜூன் கடைசியிலதான் வரார். பத்திரத்தை இந்த மாசமே முடிச்சிட்டு முழுப் பணத்தையும் கொடுத்துடுவோம். பாப்பா பரீட்சை முடியற வரைக்கும் நீங்க இங்கேயே இருங்க. வாடகை வேண்டாம். நடுப் பரீட்சையில சாமான் கட்ட வேண்டாம்."

அந்த அம்மா தன் கணவரைப் பார்த்தார். அவர் ஜன்னலைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த மாதிரி நேரத்தில் முதலில் பேசுகிறவர்தான் இறங்க வேண்டியிருக்கும்.

"நாப்பத்தொண்ணரை" என்றார் அவர்.

எனக்கு ஒரு நிம்மதி, நாம் யாரையும் நெருக்கடியில் பிடித்து நெருக்கவில்லை. அவர்களுக்கும் ஒரு தேதி இருந்தது. அந்தத் தேதியை நான் அவர்களுக்கு எதிராகத் திருப்பவில்லை, அவர்களிடமே கொடுத்துவிட்டேன். பத்திரத்துக்கு நீ வர லீவு கிடைக்காது என்று உன் மனைவி எழுதியிருக்கிறாள். என்ன செய்யலாம் என்று சொல்.

அக்கா

ஏப்ரல் 13

அக்கா,

இதோடு ஒரு பவர் பத்திரம் இருக்கிறது. எனக்குப் பதிலாக நீ கையெழுத்துப் போடு. ஆபீசில் இதை எழுதியவர், "முழு அதிகாரம் கொடுக்கறீங்களா, இல்ல இந்த ஒரு வீட்டுக்கு மட்டுமா?" என்று கேட்டார். எது பெரியதோ அதை எழுதுங்கள் என்றேன்.

இத்தனை கடிதத்தில் நான் விலையைக் கேட்டேன், வேம்பைக் கேட்டேன், ஜன்னல் நிறத்தைக் கேட்டேன். ஒன்றைக் கேட்கவே இல்லை. நீயும் அங்கே பிறந்து வளர்ந்தவள்தானே. யாரோ வீட்டுக்குள் போவது போல அங்கே போய்ப் போய் வந்தாயே, உனக்கு எப்படி இருந்தது?

தம்பி

ஜூன் 27

ஃபியூஸுக்கு,

அப்பா உனக்கு வைத்த பெயரை எழுதி எத்தனை வருஷம் ஆகிறது. சட்டென்று எரிந்து போகிறவன், மாற்றிப் போட்டால் உடனே வேலை செய்கிறவன் என்பார். முதல் பாதிதான் உண்மை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

நேற்று வீட்டை ஒப்படைத்தார்கள். அந்தப் பெண் பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறாளாம். லாரி கிளம்பியதும் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, "நல்லா இருங்கம்மா" என்றார் மருந்துக்கடைக்காரர். நானும் அவரை நன்றாக இருக்கச் சொன்னேன். தெரு முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

நீ கேட்டதற்கு அன்றைக்கே பதில் எழுத முடியவில்லை. மொத்தம் எட்டுத் தடவை அந்த வீட்டுக்குள் போயிருக்கிறேன். எட்டுத் தடவையும் பேசுகிறவர் முகத்தை மட்டும்தான் பார்த்தேன். ஒரு சுவரைத் தொடவில்லை, ஒரு ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. அப்பா படுக்கும் அறையில் நின்று அதன் நீள அகலத்தைச் சொல்லி விலை குறைத்தேன். தொழில் என்று சொல்லிக்கொண்டேன். நேற்றுதான் முதல் தடவையாக அந்த வீட்டை நிமிர்ந்து பார்த்தேன். யாரும் என் முகத்தைப் பார்த்து விலை ஏற்ற மாட்டார்கள் என்று தெரிந்ததும் ஹால் தரையில் உட்கார்ந்து அழுதேன். அப்பாவுக்காக அழுதேன், அம்மாவுக்காக அழுதேன், தனியாக உட்கார்ந்து பேசிய அந்த இருபத்துமூன்று வயதுப் பெண்ணுக்காகத்தான் நிறைய அழுதேன். எழுந்தபோது நன்றாக இருந்தது.

சாமான் லாரி நேராக அங்கே போய்விடும், சாவியைத் தபாலில் அனுப்பிவிடுங்கள் என்று உன் மனைவி எழுதியிருக்கிறாள். அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிடு. முதலில் நீங்கள் மூன்று பேரும் என் வீட்டுக்கு வர வேண்டும். உன் மகளை நான் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். சாப்பிட்ட பிறகுதான் சாவி. இதில் பேரம் கிடையாது.

வரும்போது காலிங் பெல்லை அழுத்திக்கொண்டு நிற்காதே. அம்மா இறந்த வருஷத்திலிருந்து அது அடிப்பதில்லை. நம் வீட்டில் பிறந்துவிட்டு, பெல்லுக்கு வெளியாளைக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. நீ வந்து பார்ப்பாய் என்று அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். கதவைத் தட்டு.

அக்கா